தள்ளுபடிப் புரட்டு

(வானூரில் பேசியதன் சாரம்)

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சாஸ்திரத்தைப் பற்றியோ புராணத்தைப் பற்றியோ அல்ல. கடைச் சரக்கின் விலையைப் பற்றியேயாகும். "சுயமரியாதைக்காரர்களுக்கு வியாபார விஷயத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒருவன் சொன்னதை ஏன், எப்படி என்று கேளாமல் நம்புவதும், நம்பி ஏமாந்த பின்பு வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதும் எங்கெங்கே இருக்கின்றனவோ, அங்கெல்லாம் நமக்கு வேலை இருக்கின்றது என்பதுதான் அதற்கு நமது பதில்.

தோழர்களே! இந்த வானூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு வியாபாரம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருகிறவனுக்கும், முந்திரிக் கொட்டை பொறுக்குகிறவளுக்கும், திருவக்கரைப் பக்கம் கல் உடைக்கிறவனுக்கும் சரக்கு இன்னது, விலை இன்னது என்பது நன்றாய்த் தெரியும். உப்பைக் குவித்து வைத்துக்கொண்டு, "இந்த மூட்டையின் விலை ஆயிரம் ரூபாய், உங்களுக்காக எழுநூறு ரூபாய் தள்ளித் தருகிறோம்" என்று ஒருவன் சொன்னால், உப்பளத்துக் குழந்தைகூடச் சிரிக்கும். "ஆயிரம் கொடுத்து இதை வாங்கினவன் எவன்? அவனைக் காட்டு" என்று கேட்கும். ஆனால் அதே வீட்டார் இராத்திரியில் செல்போனைத் திறந்து, அதே மாதிரியான விளம்பரத்தைப் பார்த்ததும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஏன்? உப்பு விற்கிறவன் எதிரில் நிற்கிறான். போனில் விற்கிறவனுக்கு முகமில்லை. முகமில்லாதவன் சொல்லுவதை அப்படியே நம்புவது நமக்குப் பழகிப்போன காரியம்!

நிற்க. அந்த விளம்பரம் எப்படி இருக்கின்றது என்று பார்ப்போம். ஒரு மிக்சியின் படம் இருக்கும். அதன் கீழே 5,999 ரூபாய் என்று போட்டு அதன்மேல் ஒரு கோடு கிழித்திருக்கும். பக்கத்திலே பெரிய எழுத்தில் 1,999 ரூபாய் என்றிருக்கும். அதற்கும் பக்கத்தில் நூற்றுக்கு 67 தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். பார்க்கிறவனுக்கு நாலாயிரம் ரூபாய் லாபம் வந்துவிட்டதாகவே தோன்றும். பிறகு "கொண்டுவந்து தருகிற கூலி" என்று கடைசிப் பக்கத்தில் 80 ரூபாய் ஏறும். அதே மிக்சியைப் புதுச்சேரிக் கடை ஒன்றில் 1,900 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாலாயிரம் மிச்சம் பிடித்ததாக நினைத்தவன் உண்மையில் 179 ரூபாய் அதிகமாகக் கொடுத்திருக்கிறான். மிச்சம் பிடித்த நாலாயிரம் எங்கே என்று அவன் வீட்டுப் பானையைத் துழாவிப் பார்த்தாலும் கிடைக்கப் போவதில்லை. ஏனென்றால், அந்த நாலாயிரம் எக்காலத்திலும் யாரிடத்திலும் இருந்ததே இல்லை.

"கோடு கிழித்த விலை பொய்யல்ல, பெட்டியின் மேலேயே எம்.ஆர்.பி. என்று அச்சடித்திருக்கிறதே" என்று சமாதானம் சொல்லுவார்கள். அந்த எம்.ஆர்.பி. என்பது என்ன? இதற்குமேல் விற்கக்கூடாது என்கிற உச்ச விலை. எல்லா வரிகளும் அதற்குள் அடக்கம். 2011-ம் வருஷத்துப் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதை அச்சிட வேண்டியது கட்டாயம். 2018 ஜனவரி முதல் ஆன்லைன் கடைக்காரரும் அதைக் காட்டியாக வேண்டும். வாங்குகிறவனைக் காப்பாற்ற ஏற்பட்ட விதி இது. ஆனால் அந்த உச்சத்தை யார் தீர்மானிப்பது? மருந்து முதலிய சில சாமான்களை நீக்கிப் பார்த்தால், சரக்குச் செய்கிறவனேதான் தீர்மானிக்கிறான். இரண்டாயிரத்துக்கு விற்க உத்தேசித்திருக்கிற சரக்குக்கு ஆறாயிரம் என்று அச்சடித்தால் அதைத் தடுக்க அந்த விதியில் வழியில்லை. உச்ச விலை என்பது வேலி. வேலியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் நட்டுவிட்டு, "பாருங்கள், வேலிக்கு எவ்வளவு தூரம் உள்ளே நிற்கிறோம்!" என்று பெருமை பேசுவதைத்தான் தள்ளுபடி என்கிறார்கள்.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு தள்ளினாய்?" என்பதல்ல. "எந்த விலையிலிருந்து தள்ளினாய்? அந்த விலையை யார் கொடுத்தார்கள்?" என்பதேயாகும்.

இந்தத் தந்திரம் செல்போனோடு பிறந்ததல்ல. நமது ஊர்களில் ஆடித் தள்ளுபடி என்று ஒன்று நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஆடி மாதத்தில் கல்யாணம் செய்யக்கூடாது, புதுத்துணி எடுக்கக்கூடாது என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்ததால் கடையில் ஈ ஓட்ட வேண்டியிருந்தது. அதற்காக வியாபாரி விலையைக் குறைத்தான். அந்த மட்டில் அது நியாயமே. இப்பொழுதோ ஆடியில்தான் கூட்டம் நெரிகிறது! பழைய நம்பிக்கை போய்விட்டது. "ஆடியில் வாங்கினால் மலிவு" என்கிற புது நம்பிக்கை வந்துவிட்டது. மலிவுதானா என்று சென்ற மாதத்து விலையை எடுத்துப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அதேபோல அட்சய திருதியைக்கு ஒரு விளம்பரம், தீபாவளிக்கு ஒரு விளம்பரம். நல்ல நாள் பார்க்கிற பழக்கத்தை ஐயரைக் காட்டிலும் அதிகமாக இன்று பயன்படுத்திக் கொள்ளுகிறவர் விளம்பரக்காரரே.

இதில் நமது உப்பளத் தோழர்களின் கதி இன்னும் மோசமானது. ஐப்பசி மழை விழுந்தால் பாத்தி முழுகிவிடும். மழைக்காலம் முழுவதும் வேலை கிடையாது, கூலி கிடையாது. அந்தச் சமயத்தில்தான் தீபாவளி. புரட்டாசி, ஐப்பசியில்தான் ஆன்லைன் கடைகளின் பெரிய பெரிய விற்பனைகளும் வருகின்றன. கையிலிருக்கிற கொஞ்சப் பணம் மழை முடியும் மட்டும் அரிசிக்கு வேண்டும். அதைத்தான் "இன்று இராத்திரி 12 மணியோடு முடிகிறது" என்று கடிகாரத்தைக் காட்டிப் பறிக்கிறார்கள். பணக்காரன் ஐந்நூறு ரூபாய் ஏமாந்தால் அவனுக்கு அது ஒரு வேடிக்கை. கூலிக்காரன் ஐந்நூறு ஏமாந்தால் அது அவன் வீட்டு அடுப்பு.

"இதெல்லாம் உங்கள் ஊகம்; பெரிய கம்பெனிகள் இப்படிச் செய்யுமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு சங்கதிகளைச் சொல்லுகிறோம். இரண்டும் 2025-ம் வருஷத்தில், சர்க்கார் ஏற்படுத்திய மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்துத் தண்டித்தவை.

முதலாவது, குழந்தைகளுக்கான சாமான் விற்கும் ஃபர்ஸ்ட்க்ரை என்னும் ஆன்லைன் கடையைப் பற்றியது. இக்கடை சாமானுக்கு எதிரில் "எல்லா வரிகளும் உட்பட" என்று எம்.ஆர்.பி.யைப் போட்டு, நூற்றுக்கு 27 தள்ளுபடி என்று காட்டிவிட்டு, பணம் கட்டுமிடத்தில் தள்ளுபடி போன விலையின்மேல் ஜி.எஸ்.டி.யைத் தனியாக ஏற்றியது. வரி உட்பட்ட விலை என்று சொன்ன பிறகு மறுபடியும் வரி எங்கிருந்து வந்தது? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்ச் சாமானில் 27 போனால் 73. அதன்மேல் நூற்றுக்கு 12 வரி போட்டால் 8 ரூபாய் 76 காசு. ஆக மொத்தம் 81 ரூபாய் 76 காசு. 27 ரூபாய் தள்ளுபடி என்றது 18 ரூபாய்ச் சில்லறையாகச் சுருங்கிவிட்டது! ஆணையம் கண்ட கணக்கும் நூற்றுக்கு 18.2 என்பதுதான். கடைக்கு 2 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

இரண்டாவது, ராபிடோ என்னும் வாடகை வண்டிக் கம்பெனியைப் பற்றியது. "5 நிமிஷத்தில் ஆட்டோ, இல்லாவிட்டால் 50 ரூபாய்" என்று பல பாஷைகளில், நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில், ஏறக்குறைய ஒன்றரை வருஷ காலம் விளம்பரம் செய்தார்கள். ஆட்டோ வராதவனுக்கு 50 ரூபாய் கிடைத்ததா? கிடைத்தது ரூபாய் அல்ல. அந்தக் கம்பெனிக்குள் மாத்திரம் செல்லும் 'காயின்'. அதுவும் 50 அல்ல, "50 வரையில்". அதையும் 7 நாட்களுக்குள் செலவழிக்க வேண்டும். அதையும் ஆட்டோவில் செலவழிக்க முடியாது. மோட்டார் சைக்கிள் சவாரிக்கே செல்லும்! இவ்வளவு நிபந்தனைகளும் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில். கொடுப்பதைப் பெரிய எழுத்திலும், கொடாததைச் சிறிய எழுத்திலும் எழுதுவதற்குப் பெயர்தான் விளம்பரம் போலும்! 2025 ஆகஸ்டு மாதத்தில் ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டதோடு, 50 ரூபாய் கிடைக்காதவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது அபராதத் தொகையை அல்ல. அந்தக் கம்பெனியின்மேல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு 2023 ஏப்ரல் முதல் 2025 ஜூலை வரை 1,799 புகார்கள் வந்திருந்தன. யாரோ ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேர், "போனால் போகட்டும்" என்று சும்மா இருந்துவிடாமல் புகார் சொன்னார்கள். சும்மா இருந்திருந்தால் அந்த விளம்பரம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். 1984-ம் வருஷத்திலேயே ஏகபோக வியாபாரத் தடைச் சட்டத்தைத் திருத்தி, முறையற்ற வியாபாரம் இன்னது என்று எழுதிவிட்டார்கள். இப்பொழுது அமலில் இருப்பது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஒரு சாமான் வழக்கமாக என்ன விலைக்கு விற்றது, விற்கிறது என்பதில் ஜனங்களுக்குத் தப்பான எண்ணம் உண்டாக்கினால் அது முறையற்ற வியாபாரம் என்று இச்சட்டம் சொல்லுகிறது. மலிவு விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, அந்த விலைக்கு விற்கிற எண்ணமே இல்லாமலிருப்பதும், பெயருக்குப் பத்துச் சாமானை வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் கூப்பிடுவதும் அப்படியே. பொய் விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம் வரையிலும், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரையிலும் மேற்படி ஆணையம் அபராதம் போடலாம்.

ஆன்லைன் கடைகளுக்கென்றே 2020-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. வரி, கூலி எல்லாம் சேர்த்து மொத்த விலை இவ்வளவு என்று ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அதன் விவரத்தையும் காட்ட வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை சாமானில் இல்லாவிட்டால் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விற்றவன் சொல்லக்கூடாது. 2023 நவம்பர் 30-ந் தேதி வெளிவந்த இன்னொரு உத்தரவில், போன் திரையில் செய்கிற 13 வகைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். "இன்னும் இரண்டே இருக்கின்றன" என்று பொய்யாய் அவசரப்படுத்துவது, கேளாத சாமானையோ தர்மக் காசையோ நமது கூடையில் தானே போட்டுவிடுவது, முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு போவது ஆகிய எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அதாவது, நீங்கள் தினமும் பார்க்கிற பித்தலாட்டம் சர்க்கார் கெஜட்டிலேயே ஏறியிருக்கிறது.

ஆனால் நமது சட்டத்தில் ஒரு பொத்தல் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "வழக்கமான விலை" என்றால் எத்தனை நாள் விற்ற விலை என்று அதில் எழுதவில்லை. ஐரோப்பிய யூனியன் தேசங்களில் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு கணக்கு ஏற்படுத்தியிருக்கிறார்கள். விலை குறைத்தோம் என்று சொல்லுகிற கடைக்காரன், அதற்கு முந்தின 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைக் காட்டியாக வேண்டும். ஜெர்மனியில் ஆல்டி என்னும் கடை, வாழைப்பழம் 1.69 யூரோவிலிருந்து 1.29-க்கு இறங்கிவிட்டது என்று விளம்பரம் செய்தது. முந்தின 30 நாட்களில் அதன் குறைந்த விலையும் அதே 1.29 தான்! குறையாத விலையைக் குறைந்ததாகக் காட்டக்கூடாது. அந்த 30 நாள் குறைந்த விலையை வைத்தே தள்ளுபடியைக் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வெள்ளைக்காரன் வாழைப்பழத்துக்கு உள்ள நியாயம் நமது குழந்தையின் சட்டைக்கு வேண்டாமா? அப்படிப்பட்ட விதி இங்கும் வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். ஆனால் அது வருமட்டும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது.

ஆதலால், ஏமாற்றப்பட்டவன் என்ன செய்வது என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறோம். தயவு செய்து கவனியுங்கள்.

முதலில் அத்தாட்சி. போனில் உள்ள விளம்பரம் சுவரொட்டி அல்ல; நாளைக்கு இருக்காது. ஆகவே வாங்குமுன் விலையும் தள்ளுபடியும் தெரிகிற பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுகிற பக்கத்தை இன்னொன்று. வந்த பில்லையும், பெட்டியின்மேல் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டையும் கிழித்தெறியாமல் வையுங்கள். நமது வீடுகளில் ஜாதகக் குறிப்பைப் பத்திரமாகப் பூட்டி வைக்கிறோம். பில்லைக் கொண்டு அடுப்பு மூட்டுகிறோம். ஜாதகத்தைக் காட்டி யாரிடத்திலும் காலணா வாங்க முடியாது. பில்லைக் காட்டினால் வாங்கலாம்.

அடுத்தபடி, அந்தக் கடையின் குறை கேட்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு ஆன்லைன் கடையும் அப்படி ஒருவரை வைத்து அவர் பெயரையும் விலாசத்தையும் வெளியிட வேண்டும் என்பது விதி. புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். "நாங்கள் சந்தை மாத்திரம்தான்; விற்றவன் வேறொருவன்" என்று அங்கே தட்டிக் கழிப்பார்கள். அப்படியானால், விற்றவனுடைய விவரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பிறகு இருவர் பெயரையும் புகாரில் சேர்த்து எழுதுங்கள்.

அதில் பலிக்காவிட்டால் 1915 என்கிற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதுதான் தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கிடையாது. இங்கிலீஷோ இந்தியோ தெரிய வேண்டியதில்லை, தமிழிலேயே சொல்லலாம். அது கோர்ட்டு அல்ல. கம்பெனிக்கு எழுதிச் சமாதானமாகத் தீர்த்து வைக்கிற இடம். அனேக புகார்கள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். முடியாவிட்டாலும், நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு ஒரு புகார் எண் கிடைக்கிறது. அதைக் குறித்து வையுங்கள்.

நமக்கு மாத்திரமல்ல, ஊராருக்கெல்லாம் அந்த விளம்பரம் கெடுதல் என்றால், மேற்சொன்ன மத்திய ஆணையத்துக்கே எழுதலாம். டில்லிக்கு எழுத வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். 17-வது பிரிவின்படி அந்தப் புகாரை நமது ஜில்லாக் கலெக்டரிடமே கொடுக்கலாம். திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் மனு கொண்டுபோகிற நாம் இதற்கும் ஒரு மனுக் கொண்டுபோனால் என்ன? எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலோ, பெட்டியில் விலையைத் திருத்தி ஒட்டியிருந்தாலோ, தொழிலாளர் துறையில் உள்ள எடையளவு அதிகாரிகளிடம் சொல்லலாம்.

கடைசியாக, நஷ்டத்தையும் ஈட்டுத்தொகையையும் வாங்க வேண்டுமானால் ஜில்லா நுகர்வோர் குறைதீர் ஆணையம் விழுப்புரத்தில் இருக்கிறது. இதில்தான் 2019-ம் வருஷத்துச் சட்டம் நமக்குப் பெரிய சௌகரியம் செய்திருக்கிறது. முன்பெல்லாம் கம்பெனி எங்கே இருக்கிறதோ, வியாபாரம் எங்கே நடந்ததோ அங்கே போக வேண்டும். இப்பொழுது வாங்கினவன் எங்கே குடியிருக்கிறானோ அங்கேயே வழக்குத் தொடரலாம். பெங்களூர்க் கம்பெனியை விழுப்புரத்துக்கு வரவழைக்க வானூர்க் கூலிக்காரனுக்கு அதிகாரம் இருக்கிறது! கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் ஒரு காசும் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. காரணம் ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும், அது முக்கியம். 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்னும் தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே வழக்கைத் தாக்கல் செய்யலாம். ஒரே விளம்பரத்தால் ஏமாந்தவர்கள் பலர் இருந்தால், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லாருக்காகவும் ஒருவரே போடலாம். உத்தரவை மதிக்காத கம்பெனிக்காரனுக்கு ஜெயில் தண்டனைகூட உண்டு. ஒரு எச்சரிக்கை: மறுபடியும் விற்பதற்காகச் சரக்கு வாங்கினவனுக்கு இந்தச் சட்டம் உதவாது. ஆனால் தானே உழைத்துப் பிழைக்கத் தையல் மிஷினோ வேறு கருவியோ வாங்கினவனுக்கு உதவும்.

தோழர்களே! இவ்வளவும் சொன்ன பிறகும் மூன்று ஆட்சேபங்கள் நமது காதில் விழுகின்றன.

"ஐம்பது ரூபாய்க்காக இவ்வளவு பாடா?" என்பது ஒன்று. அந்த ஐம்பது ரூபாய் உமக்குச் சிறிதுதான். ஆனால் ஒரு லட்சம் பேரிடம் ஐம்பது ஐம்பதாக எடுத்தால் அது 50 லட்சம். முதல் குற்றத்துக்கு அபராதமோ 10 லட்சத்துக்கு மேல் போகாது. ஒவ்வொருவனும் "எனக்கு ஐம்பதுதானே" என்று சொல்லுவான் என்பதை நம்பித்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. வழிப்பறிக்காரனாவது நமது பயத்தை நம்புகிறான். இவன் நமது சோம்பலை நம்புகிறான்.

"பெரிய கம்பெனியோடு நம்மால் ஆகுமா?" என்பது இரண்டாவது. வழக்குத் தாமதமாகலாம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் பல வழக்குகள் வருஷக் கணக்கில் இழுக்கின்றன என்பது மெய்தான். ஆனால் இழுப்பு அவர்களுக்கும்தான். நோட்டீசு கிடைத்த 30 நாளில், மிஞ்சினால் இன்னும் 15 நாளில், அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். 500 ரூபாய்ப் புகாருக்கு வக்கீலை விழுப்புரத்துக்கு அனுப்புவதைவிட 500 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது லாபம் என்று எந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கும் தெரியும்.

"ஏமாந்தது வெளியே தெரிந்தால் கேவலம்" என்பது மூன்றாவது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தடை. ஏமாற்றினவன் வெட்கப்படாமல் மறுநாளும் விளம்பரம் போடுகிறான். ஏமாந்தவன் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொள்ளுகிறான். இதைவிடத் தலைகீழான நியாயம் உலகத்தில் உண்டா? முக்கியமாக நமது பெண்களைப் பற்றிச் சொல்லுகிறோம். ஒருத்தி தன் கூலியில் மிச்சம் பிடித்து ஒரு சாமான் வாங்கி ஏமாந்துவிட்டால், "உன்னை யார் வாங்கச் சொன்னது?" என்று வீட்டு ஆண்பிள்ளை அதட்டுகிறான். அந்த அதட்டலுக்குப் பயந்தே அவள் பேசாமலிருக்கிறாள். அதட்டுகிற தோழரே! நீர் அந்த வேகத்தைக் கம்பெனிக்காரனிடம் காட்டினால் பணமாவது திரும்பி வரும்.

இன்னொன்று சொல்லி முடிக்கிறோம். எல்லா வியாபாரியும் அயோக்கியன் என்பது நமது கருத்தல்ல. ஆன்லைனில் வாங்கவே கூடாது என்பதும் அல்ல. உள்ளூரில் கிடைக்காத சாமான் அதில் கிடைக்கிறது. சில சமயங்களில் மெய்யாகவே மலிவாயும் கிடைக்கிறது. மெய்யான விலையைச் சொல்லி மெய்யாகக் குறைக்கிறவனுக்கு நம்மால் யாதொரு கெடுதியும் இல்லை. சொல்லப் போனால், பொய்த் தள்ளுபடிக்காரனால் முதலில் கெடுகிறவன் நமது ஊர்க் கடைத்தெருவில் நேர்மையாய் ஒரே விலை சொல்லி விற்கிற சிறு வியாபாரிதான். ஆகவே இது அவனுக்கும் சேர்த்துச் செய்கிற வேலை.

ஆகையால் தோழர்களே! ஒவ்வொரு கிராமத்திலும் படித்த இளைஞர்கள் நாலு பேர் முன்வந்து, ஏமாந்தவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்கிற காரியத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு போனும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாளின் பில்லைப் படித்துச் சொல்லுவதும் பொதுத் தொண்டுதான். நீங்கள் அடுத்த முறை கோடு கிழித்த விலையைப் பார்க்கும்போது, உப்பு மூட்டைக்காரனைக் கேட்கிற அதே கேள்வியைக் கேளுங்கள்: இந்த விலையைக் கொடுத்தவன் யார்? பதில் கிடைக்காவிட்டால் போனைக் கீழே வையுங்கள். ஏமாந்த பிறகு தெரிந்தால் அதே போனைக் கையில் எடுத்து 1915-க்குப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.